கிற்றாருக்கு ஒரு டிஸ்டோர்ஷன் பெடல்: திருகோணமலையில் இருந்தபடி கிட் வாங்கிச் செய்து முடிக்கும் முழுமையான வழிகாட்டி

டிஸ்டோர்ஷன் பெடல் என்பது கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் வைத்து ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் சிறு பெட்டி. அதைப் பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவதற்கான பொதிதான் கிட். இந்தக் கிட்களோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும்: பாகங்களைப் பொருத்துங்கள், வயர்களை இணையுங்கள், பெட்டிக்குள் அடையுங்கள், வாசியுங்கள். நான்கு அடி நடந்தால் இலத்திரனியல் கடை வருகிற ஊரில் அந்த வரிசை போதும். ஒரு டயோட் கருகிப்போனால் பின்னேரத்துக்குள் இன்னொன்று வாங்கிவிடலாம். திருகோணமலையின் நிலைமை வேறு. நகரத்துத் திருத்தகங்களில் வானொலிக்கும் மின்விசிறிக்கும் வேண்டிய பாகங்கள் கிடைக்கும். பாதத்தால் அழுத்தும் ஒன்பது முனைக் கால் சுவிட்ச், ஜேர்மானியம் டயோட் என்று கேட்டால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்பில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேட வேண்டும். அல்லது வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டும். ஆகவே இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். அளப்பது முதலில், ஈயம் வைப்பது அதன் பிறகு, பெட்டி எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எந்தக் கிட்டை வாங்குவது

1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்தான் கடையில் வாங்கக்கூடியதாக இருந்த முதல் ஃபஸ் (மிகக் கடுமையான கரகரப்புத் தரும்) பெடல். அதன் பிறகு வந்த புகழ்பெற்ற சுற்றுகளில் பெரும்பாலானவை இன்று கிட்டாகக் கிடைக்கின்றன. ஒரே ட்ரான்சிஸ்டரில் ஓடும் பூஸ்டர் மிக எளிது. ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் ஒலியை உயர்த்துவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது, ஆவலும் சீக்கிரம் வடிந்துவிடும். 1966இன் ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றில் இரண்டே ட்ரான்சிஸ்டர்கள். படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் ஜேர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கு ஆடிப்போகும் தன்மை கொண்டவை. சித்திரை வெயிலில் திறந்தவெளி மேடையில் கொண்டுபோய் வைத்தால் காலையில் சரிசெய்த ஒலி மதியம் இருக்காது. அந்தச் சுற்று வேண்டுமென்றால் சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் போட்ட கிட்டை வாங்குங்கள். டிலே, கோரஸ் போன்றவை இரண்டாவது, மூன்றாவது பெடலுக்கு உரியவை.

முதல் பெடலுக்கு நான் சொல்வது 1970களில் வந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டோர்ஷன் பிளஸ் சுற்றை ஒட்டிய கிட். ஒரு ஐசி (741 என்ற செயற்பாட்டு விரியலாக்கி), இரண்டு டயோட், திருகித் தடையை மாற்றும் பொட்டென்சியோமீற்றர் (சுருக்கமாகப் பொட்) இரண்டு, மிச்சம் ரெசிஸ்டரும் கப்பாசிற்றரும்தான். முப்பதுக்கும் குறைவான பாகங்கள். உயர்தரப் பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கி படித்தவர்கள் அந்தப் பாடம் கையில் ஒலிப்பதைக் கேட்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. நமது இசைக் கோஷ்டிகளில் கிற்றார் வாசிப்பவர் தனி இசை வாசிப்பது கொஞ்சம்; பைலாவுக்கும் பாட்டுக்கும் கோர்ட் பிடிப்பதே அதிகம். ஃபஸ்ஸில் கோர்ட் பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இந்தச் சுற்றில் பெருக்கத்தைக் குறைத்து வைத்தால் கோர்ட்டும் தெளிவாக நிற்கும்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பெட்டியும் சேர்த்து வருகிறதா, துளைகள் ஏற்கெனவே இடப்பட்டவையா, சுற்றுப்படமும் பாகப் பட்டியலும் தரவிறக்கக் கிடைக்கின்றனவா. படம் தராத கிட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பிழை தேடும்போது படம்தான் துணை. தபாலில் வரவழைத்தால் அதே பொதியில் ஐசி ஒன்று, டயோட் நான்கைந்து, கால் சுவிட்ச் ஒன்று மேலதிகமாகச் சேர்த்துவிடுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

இதை விளங்கிக்கொண்டால் பிற்பாடு பிழை தேடுவது பாதி முடிந்த மாதிரி. கிற்றாரின் பிக்கப்பிலிருந்து வரும் சைகை மிகச் சிறியது. அதை 100 மில்லிவோல்ற் என்று வைத்துக்கொள்வோம். ஐசியின் வெளியீட்டை மறுபடி உள்ளீட்டுக்குக் கொண்டுவரும் பின்னூட்டப் பாதையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மறுபக்கத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதனுடன் தொடராக 500 கிலோ ஓம் பொட்டும். பொட்டை முழுவதும் திருகினால் பெருக்கம் 1,000,000 ஐ 4,700 ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டியது, அதாவது ஏறக்குறைய 214 மடங்கு. மறுகோடிக்குத் திருகினால் மூன்று மடங்குதான். 100 மில்லிவோல்ற்றை 214 ஆல் பெருக்கினால் 21 வோல்ற் வர வேண்டும். பற்றரியில் இருப்பதோ 9. ஆகவே அலையின் உச்சி ஐசிக்குள்ளேயே முதல் முறை வெட்டுப்படுகிறது.

இரண்டாவது வெட்டு டயோட்களில். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பொருத்திய இரண்டு டயோட்கள் சைகையைக் கிரவுண்டுக்கு, அதாவது சுற்றின் பூச்சிய வோல்ற் புள்ளிக்கு, இழுக்கின்றன. சிலிக்கன் என்றால் 0.6 வோல்ற் அளவில், ஜேர்மானியம் என்றால் 0.3 வோல்ற் அளவில் அலை மட்டமாக்கப்படுகிறது. மூல பெடலில் இருந்தவை ஜேர்மானியம். அதனால் ஒலி மெதுவாகவும் மென்மையாகவும் வரும். சிலிக்கன் சற்றுச் சத்தமாகவும் கூராகவும் வரும்.

பெருக்கம் முழு அளவில் இருக்கும்போது அந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதோடு சேர்ந்த 47 நானோ ஃபரட் கப்பாசிற்றரும் 720 ஹேர்ட்ஸ் அளவில் ஓர் எல்லையை இடுகின்றன. அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறையும். தடித்த தந்திகள் சேறாகாமல் இருப்பது இதனால்தான்.

மேசையில் இருக்க வேண்டியவை

350 பாகை செல்சியசில் நிறுத்தக்கூடிய சோல்டரிங் அயன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 25 அல்லது 30 வாட் சாதாரண அயனும் வேலை செய்யும். 60/40 ஈயம், 0.8 மில்லிமீற்றர் தடிப்பில், உள்ளே பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) உள்ளது. ஈயம் இல்லாத வகைக்குக் கூடுதல் வெப்பம் தேவை. பழகும் கைக்கு அது சரிவராது. டயோட் சோதிக்கும் வசதியுள்ள மல்ரிமீற்றர், சிறு வெட்டுக் குறடு, ஈயம் உறிஞ்சும் பம்பு, ஐசோப்ரொப்பைல் அல்ககோல், பழைய பல்துலக்கி. கால் வெட்டும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், ஆகவே கண்ணாடி அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

மின்விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அதை நிறுத்திவிட்டு உட்கார்வது கடினம். ஆனால் தலைக்கு மேலே சுழலும் விசிறி அயன் நுனியையும் இணைப்பையும் குளிர்வித்துவிடும். மேசை விசிறி ஒன்றைப் பக்கவாட்டில், புகை முகத்துக்கு வராமல் வெளியே போகும்படி வையுங்கள். காற்று, பாகங்களைப் பொருத்தும் சுற்றுத் தகட்டின் மேல் நேரே படக் கூடாது.

பொதியைத் திறந்ததும்: எண்ணுங்கள், அளவுங்கள்

வெள்ளைத் தாளில் பாகப் பட்டியலை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தப் பாகத்தை நாடாவால் ஒட்டுங்கள். ஒட்டுமுன் ஒவ்வொன்றையும் அளவுங்கள். நிறக்கோடுகளை மட்டும் நம்பவே கூடாது. இப்போது கிட்களில் வருபவை நீல உடம்பில் ஐந்து கோடுள்ள ரெசிஸ்டர்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மண்ணிறமும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்பது அடுத்த சிக்கல். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கோடுகள் மண்ணிறம், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, மண்ணிறம். அதையே மறுபக்கத்திலிருந்து வாசித்தால் 120 ஓம் என்று வரும். இரண்டும் உண்மையில் விற்பனையில் உள்ள பெறுமானங்கள் என்பதால் சந்தேகமே எழாது. மீற்றரில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கப்பாசிற்றர்களில் 102 என்றால் 1 நானோ ஃபரட், 103 என்றால் 10, 473 என்றால் 47. மின்பகு கப்பாசிற்றர்களில் நீளமான கால் நேர், உடம்பில் கோடு உள்ள பக்கம் மறை. டயோட்டில் வளையம் உள்ள முனை கதோட்டு. மீற்றரின் டயோட் நிலையில் சிலிக்கன் 0.55 முதல் 0.7 வரை காட்டும், ஜேர்மானியம் 0.2 முதல் 0.4 வரை. ஜேர்மானியம் என்று விலை கொடுத்து வாங்கியது 0.6 காட்டினால் அது ஜேர்மானியம் இல்லை. பொதி புதிதாக இருக்கும்போதே விற்றவருக்கு எழுதுங்கள்.

வேறொரு கிட் வாங்கி, அதில் ட்ரான்சிஸ்டர் இருந்தால் கால்களின் வரிசையைப் பார்க்க மறக்க வேண்டாம். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்போது, 2என்5088க்கு இடமிருந்து வலமாக எமிற்றர், பேஸ், கலெக்டர். பிசி547க்கு இது நேர்மாறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடுவோர் திருப்பிப் போட வேண்டும்.

பாகங்களின் கால்கள் மங்கலாக இருந்தால் கடற்காற்று வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டச்சுக் குடாப் பக்கமோ உப்புவெளியிலோ வீடென்றால், அதிலும் வாடைக்காற்றுக் காலத்தில், திறந்து வைத்த பொதி நாளாக ஆக ஈயம் பிடிக்க மறுக்கும். காலைக் கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டி, அல்ககோலால் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். மிச்சத்தைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஈயம் வைத்தல்

உயரம் குறைந்தவை முதலில்: ரெசிஸ்டர்கள், டயோட்கள், ஐசியின் சொக்கெட், சிறிய கப்பாசிற்றர்கள், பிறகு மின்பகு கப்பாசிற்றர்கள். ஐசியை நேரே தகட்டில் ஈயமிட வேண்டாம். எட்டுக் கால் சொக்கெட்டைப் பொருத்தி, ஐசியை எல்லாம் முடிந்த பிறகு செருகுங்கள். சொக்கெட்டின் வெட்டு தகட்டில் அச்சிட்ட வெட்டோடு ஒத்திருக்க வேண்டும். டயோட்கள் வரும் இடத்திலும் சொக்கெட் துண்டு போட்டு வைத்தால் பின்னர் மாற்றி மாற்றிக் கேட்கலாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓர் இணைப்பை நெருங்கிப் பாருங்கள். அயன் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, சிறிது ஈயம் பூசி மினுக்குங்கள். நுனி தகட்டின் செம்பு வளையத்தையும் பாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இப்போது ஈயக் கம்பியை நுனிக்கு எதிர்ப்பக்கத்தில், காலின் அடியில் தொடுங்கள். சூடு போதுமென்றால் ஈயம் தானாக இளகி, வளையத்தைச் சுற்றி ஓடி, காலில் சற்று ஏறி, உள்வளைந்த சிறு கூம்பாக நிற்கும். முதலில் ஈயக் கம்பியை எடுங்கள், பிறகு அயனை. உறையும் வரை பாகத்தை அசைக்க வேண்டாம். கூம்புக்குப் பதிலாக உருண்டையாக, பனித்துளி போலக் காலில் தொங்கினால் செம்பு சூடாகவில்லை. அதை மறுபடி சூடாக்கி, துளி ஈயம் சேர்த்தால் சரியாகிவிடும். ஈயத்தை அயன் நுனியில் உருக்கி எடுத்துக்கொண்டுபோய் இணைப்பில் பூசுவது பழைய திருத்தகப் பழக்கம். பிளக்ஸ் அங்கேயே எரிந்துபோவதால் இணைப்பு சரியாகப் பிடிக்காது.

முடிந்ததும் தகட்டின் அடியை அல்ககோலும் பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பிளக்ஸ் பசையில் ஈரமும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். உள்நாட்டு ஊரில் இதைத் தவிர்க்கலாம், இங்கே தவிர்க்க வேண்டாம்.

ஜாக், பொட், கால் சுவிட்ச்

உள்ளே வரும் ஜாக் ஸ்டீரியோ வகை, வெளியே போவது மோனோ. பிழையாக அனுப்பிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். பற்றரியின் மறை முனை அந்த ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்துக்குப் போகிறது. சாதாரண கிற்றார் வயரைச் செருகும்போதுதான் அது கிரவுண்டோடு இணைந்து மின் ஓடும். ஆகவே வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றாவிட்டால் பற்றரி வீணாக வடிந்துகொண்டே இருக்கும்.

கால் சுவிட்சில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒன்பது கால்கள், மூன்று நிரல்கள். ஒவ்வொரு நிரலும் ஒரு தனிச் சுவிட்ச், அதன் நடுக்கால் பொது. முதல் நிரலின் நடுவில் உள்வரும் ஜாக், இரண்டாவதன் நடுவில் வெளியே போகும் ஜாக், மூன்றாவதன் நடுவில் கிரவுண்ட். ஒரு நிலையில் ஜாக்குகள் தகட்டின் உள்வாயிலோடும் வெளிவாயிலோடும் சேரும், எல்ஈடியும் கிரவுண்டைத் தொட்டு எரியும். மறு நிலையில், முதல் இரண்டு நிரல்களின் எதிர்முனைகளை இணைக்கும் சிறு வயர் வழியாக, கிற்றார் ஒலி தகட்டைத் தொடாமல் நேரே போய்விடும். சுவிட்சை 90 பாகை திருப்பி வைத்தால் நிரல் நிரையாகிவிடும், ஒன்றுமே சரிவராது. ஈயம் வைக்குமுன் மீற்றரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, சுவிட்சை அழுத்தி அழுத்தி, எந்தக் கால் எதோடு சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சுவிட்சின் கால்களில் அயனை மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். உள்ளே பிளாஸ்ரிக் இளகினால் சுவிட்ச் போய்விடும்.

வயர் பல இழை கொண்டதாக இருக்கட்டும். கணினி வலையமைப்பு வயரை உரித்து எடுத்த ஒற்றைக் கம்பி இரண்டு மூன்று தடவை வளைத்தால் முறிந்துவிடும்.

பெட்டிக்கு வெளியே ஒலிக்க வேண்டும்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உலர்ந்த அட்டையின் மேல் வைத்து, ஒலி கேட்ட பிறகே பெட்டியைத் தொடுங்கள். நகரத்துத் திருத்தகம் ஒன்றில், ஒலியே வராத பெடலோடு ஓர் இளைஞர் வந்து நின்றபோது கேட்ட பேச்சு இது:

“தம்பி, பெட்டியைப் பூட்டுமுன் ஒரு தடவையாவது ஒலி வந்ததா?”

“பார்க்கவில்லை அண்ணா. பூட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன்.”

“அப்படியென்றால் பூட்டியதால் நின்றதா, முதலிலிருந்தே இல்லையா என்று இப்போது எப்படிச் சொல்வது?”

முதற் சோதனை புதிய 9 வோல்ற் பற்றரியில். ஐசியைச் செருகாமல் சொக்கெட்டின் 7ஆம் காலில் 9 வோல்ற் அளவும் 4ஆம் காலில் பூச்சியமும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பற்றரியைக் கழற்றி, ஐசியைச் செருகி, மறுபடி இணையுங்கள். 6ஆம் காலில் 4.5 வோல்ற் அளவில் வர வேண்டும். 3ஆம் காலில் அதைவிடக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். அங்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக மின் வருவதால் மீற்றரே அளவைக் கீழே இழுக்கும். 10 மெகா ஓம் உள்தடையுள்ள மீற்றரில் 4.1 அளவில் தெரியும், மலிவான மீற்றரில் இன்னும் குறையும்.

அளவுகள் சரி, ஒலி மட்டும் இல்லையென்றால் ஒலித்தேடி ஒன்று செய்யுங்கள். பழைய கிற்றார் வயரின் ஒரு முனையை வெட்டி, நடுக்கம்பியில் 100 நானோ ஃபரட் கப்பாசிற்றரைப் பொருத்துங்கள், வலைக்கம்பியைச் சுற்றின் கிரவுண்டில் பிடியுங்கள், மறுமுனை அம்பிளிபயருக்கு. கிற்றாரை ஒருவர் மீட்ட, கப்பாசிற்றரின் சுதந்திரக் காலால் உள்வாயிலிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போங்கள். ஒலி எங்கே நின்றுபோகிறதோ அதற்கு முந்தைய பாகத்திலோ இணைப்பிலோ பிழை இருக்கிறது. ஐசியின் 6ஆம் காலில் கேட்டு, டயோட்களைத் தாண்டியதும் காணாமற்போனால் டயோட்கள் பக்கத்தில் ஒன்று கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பற்றரியில் சுத்தமாக இருந்து அடப்டரில் இரைந்தால் அடப்டரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ற் நேரோட்டம், நடுவில் மறை. வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டர்களில் பெரும்பாலும் நடுவில் நேர். மீற்றரின் சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பை வெளியுறையிலும் வையுங்கள். −9 என்று மறைக்குறியோடு காட்டினால் அதுவே சரியானது. 9 வோல்ற் என்று எழுதியிருந்தும் 12, 13 என்று காட்டினால் அது சீர்ப்படுத்தாத பழைய வகை, இரைச்சலும் அதிலிருந்துதான் வருகிறது.

பெட்டி

அலுமினியப் பெட்டியில் துளையிடக் கையால் பிடிக்கக் கூடாது. பிடிகருவியில் இறுக்குங்கள், அல்லது பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மேலே தாள் நாடா ஒட்டி, அதில் குறித்து, மையப்பஞ்ச் அடித்து, 3 மில்லிமீற்றரில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டு போகவும். இடையிடையே துளி மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் துரப்பணத்தில் ஒட்டாது. பொதுவாகப் பொட்டுக்கு 7.5, ஜாக்குக்கு 10, கால் சுவிட்சுக்கு 12 மில்லிமீற்றர். ஆனாலும் உங்கள் கையில் உள்ள பாகத்தை வேணியரால் அளந்துவிட்டே துளையிடுங்கள். பொட்டின் உலோக முதுகு தகட்டின் அடியைத் தொடாமல் இடையில் அட்டைத் துண்டோ மின்நாடாவோ வையுங்கள். மூடி பூட்டியதும் ஒலி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடம்தான்.

வர்ணம் பூசினால் ஜாக் உட்காரும் உட்பக்கத்தில் வர்ணம் இருக்கக் கூடாது. பெட்டி கிரவுண்டோடு இணைவது அந்த வழியாகத்தான். மாரி காலத்தில் பூசினால் வர்ணம் நாட்கணக்கில் பிசுபிசுக்கும், ஆகவே கச்சான் காற்று வீசும் மாதங்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லது. அதுவரை வெறும் அலுமினியமாகவே வாசிக்கலாம், ஒலியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

டயோட் சொக்கெட்டின் பயன்

இப்போது அந்தச் சொக்கெட்டுக்கு வருவோம். ஜேர்மானியம் இரண்டைக் கழற்றி 1என்4148 சிலிக்கன் இரண்டைச் செருகினால் ஒலி கூராகி முன்னுக்கு வரும். ஒன்று ஜேர்மானியம், ஒன்று சிலிக்கன் என்று கலந்தால் அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறாக வெட்டுப்படும். தேவாலயப் பாடல்களுக்கு மெல்லிய கரகரப்பு மட்டும் வேண்டுவோருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். சிவப்பு எல்ஈடி இரண்டைப் போட்டால் வெட்டு 1.7 வோல்ற் அளவுக்கு உயரும். 741 ஐசிக்குப் பதிலாக டிஎல்071 செருகினால் இரைச்சல் குறையும், கால்களின் வரிசை ஒன்றே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பற்றரியைக் கழற்றுங்கள், அம்பிளிபயரின் சத்தத்தையும் குறைத்து வையுங்கள். ஜேர்மானியத்திலிருந்து எல்ஈடிக்குத் தாவும்போது வெளிவரும் சைகை ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும்.